நவம்பர் பதினாலாம் பக்கத்தின் கீழ் ஓரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி முனகதா அவர்களின் சமூகத்துக்கு,

ஒகிமோட்டோ யசுஹெய் தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. மூன்று புயல்கள் வந்துபோய், நான்காவது பாதி வழியில் மனம் மாறி வேறு பக்கம் திரும்பிவிட்ட இந்த இலையுதிர் நாட்களில், தீவில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்றும், ஆரஞ்சுத் தோட்டத்தில் காய்கள் உதிராமல் நிற்கின்றன என்றும் நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி கிமியேவும் நலம். மே மாதம் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தங்களுக்குத் திடீரென்று வந்த இருமல் இப்போது எப்படி இருக்கிறது? அந்த இருமல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. ஏன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

வழக்கமான விசாரிப்புகள் இத்துடன் முடிந்தன. இனி எழுதப்போவதைத் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பக்கத்தில் தேநீர் இருந்தால் நல்லது.

நவம்பர் பதினாலாம் தேதி சனிக்கிழமை தங்கள் மகன் தகுமாவுக்கும் என் மகள் ஷிஹோவுக்கும் திருமணம். அறுபத்திரண்டு பேருக்கு அழைப்பிதழ் போய்விட்டது. சம்பந்தி, அது நல்ல நாள் அல்ல. காலண்டரில் மாறி மாறி வரும் ஆறு நாள்பலன் வரிசையில் அன்றைக்குப் புத்சுமெத்சு. எதைத் தொடங்கினாலும் விளங்காது என்று பெரியவர்கள் ஒதுக்கி வைத்த நாள். கல்யாணப் பேச்சைக்கூட அன்றைக்கு யாரும் எடுக்கமாட்டார்கள், கல்யாணத்தையே வைப்பது எந்த ஊர் நியாயம்? மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தையான், எல்லாவற்றுக்கும் உகந்த நாள். ஒரே ஒரு நாள் தள்ளி வைத்திருந்தால் போதும். இப்போது தள்ளவும் வழியில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஏற்கெனவே மூன்று கல்யாணம் வரிசை கட்டி நிற்கிறது. "நாள் பாத்தாச்சா?" என்று தாங்கள் என்னைக் கேட்டீர்கள். "பார்த்துவிட்டேன்" என்று நான் சொன்னேன். நான் பார்க்கவில்லை. பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னேன். அறுபத்தாறு வயதில் சம்பந்தியிடம் சொன்ன முதல் வார்த்தையே பொய்யாகிவிட்டது என்பதுதான் மூன்று நாளாக என்னை வாட்டுகிறது.

இது எப்படி நடந்தது என்று விளக்கினால் குற்றம் குறையாது. ஆனாலும் விளக்குகிறேன். நான் படகுத்துறை அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் புறப்பாட்டுப் பதிவேடு எழுதியவன் என்பது தங்களுக்குத் தெரியும். தங்கள் தீவுக்குப் போன ஒவ்வொரு படகும் என் பேனாவைத் தாண்டித்தான் போனது. பதிவேட்டில் ஒரு சட்டம் உண்டு. எழுதியதை அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது, தப்பு என்றால் கீழே திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியே பழகிய உடம்பு. ஓய்வு பெற்ற முதல் மாதம் என்ன செய்வதென்று தெரியாமல் கிமியே சமையலறைக்குப் போனால் நானும் போனேன், துணி காயவைக்கப் போனால் நானும் போனேன். பதினேழாம் நாள் அவள் திரும்பி நின்று, "என்னங்க, ஈர இலை செருப்புல ஒட்டிக்கிட்ட மாதிரி என் பின்னாடியே வர்றீங்களே, உங்களுக்குன்னு எதையாவது ஒட்டிக்கிட்டு ஒரு இடத்துல உக்காருங்க" என்றாள். சொன்னதோடு நிற்காமல் ஒரு டைரி, பசைத்தாள் ஒரு கட்டு, வண்ணப் பென்சில், நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்தாள். அவள் இருபது வருஷமாக டைரி அலங்கரிப்பவள். படத்தைத் தானே வரைந்து, தானே வெட்டி, நாளுக்கு ஒன்று ஒட்டுவாள். அவள் டைரியைத் திறந்தால் மார்ச் மாதத்தில் பிளம் பூ வாசனையே வரும். என் டைரியைத் திறந்தால் பசை வாசனை வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த டைரியின் அமைப்பைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாளுக்கு ஒரு தாள். தாளின் முன்பக்கம் அந்த நாளுக்கு, பின்பக்கம் படம் ஒட்ட வெறுமனே விடப்பட்டிருக்கும். தாள் வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது. பக்கத்தின் கீழ் ஓரத்தில், எறும்பு அளவு எழுத்தில், அன்றைய நாள்பலன் அச்சிட்டிருக்கும். ஒட்டிய ஸ்டிக்கரை உரித்தால் தாளும் கூடவே வந்துவிடும். ஆகவே நான் முதல் நாளே முடிவு செய்தேன். ஒட்டியது ஒட்டியதுதான். ஒட்டியபடி நடப்பது என் பொறுப்பு.

இந்த முடிவால் நான் பட்டது கொஞ்சமல்ல, சம்பந்தி. குப்பை எடுக்கும் நாளுக்குக் காக்கை வரைந்து ஏப்ரல் முழுக்க ஒட்டினேன். ஒரு வாரம் தள்ளி ஒட்டிவிட்டேன். உரிக்க முடியாதே, அதனால் காக்கை இருந்த நாளிலெல்லாம் குப்பையை வெளியே வைத்தேன். தெருச் சங்கத்து நோமுரா அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்து, "ஒகிமோட்டோ ஐயா, படகு மட்டுந்தான் நேரத்துக்கு விடுவீங்களா, குப்பையெல்லாம் உங்க இஷ்டமா?" என்று கேட்டாள். பல் மருத்துவரிடம் போகும் நாளுக்கு ஒரு பல் வரைந்தேன். வரைந்து இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது அது வெள்ளைச் சோயாக் கட்டி, தோஃபு என்று தோன்றியது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தோஃபு கடைக்குப் போய் இரண்டு கட்டி வாங்கிக்கொண்டு, சரியாகச் செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு வந்தேன். அங்கே மருத்துவர் எனக்காக நாற்காலியைச் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். பள்ளித் தோழர்கள் கூடும் விருந்துக்கு ஒரு விலாங்கு மீன் ஒட்டியிருந்தேன், அதை வெட்டவே ஒரு முழு நாள் ஆனது. விருந்து ரத்து என்று செய்தி வந்தது. ஆனால் மீன் ஒட்டியிருக்கிறதே! கோட்டு போட்டுக்கொண்டு போனேன். பதினொரு பேருக்குப் போட வேண்டிய மேஜையில் தனியாக உட்கார்ந்து, "பழைய மாணவர்கள் சார்பாக" என்று எழுந்து நின்று நானே பேசி நானே கைதட்டிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பரிமாறிய பெண் ஒரு தட்டு ஊறுகாய் அதிகமாகவே வைத்தாள், என்மேல் இரக்கப்பட்டிருப்பாள் போலிருக்கிறது.

இதையெல்லாம் வீட்டில் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். ஒசாகாவில் வேலை பார்க்கும் ஷிஹோவுக்குக் கிமியே உடனுக்குடன் தொலைபேசியில் சொல்லிவிடுவாள். ஒட்டியதை நான் உரிக்கமாட்டேன் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது அது முக்கியமாகப் படவில்லை.

மே மாதம் ஷிஹோ வீட்டுக்கு வந்தாள். தாங்கள் வருவதற்கு முந்தின நாள். முப்பத்து நாலு வயதில் முதல் தடவையாக என் எதிரே உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து வைத்தாள். அவளே வரைந்து அவளே வெட்டியது. காகிதத்தை நேராக வெட்டத் தெரியாத பெண், சம்பந்தி. பள்ளிக்கூடத்தில் கைவேலைக்கு அவள் வாங்கிய மதிப்பெண்ணை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு நாரைகள் என்றாள். வாத்து என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். உயரம் கொஞ்சம், அகலம் அதிகம்.

"கல்யாண நாளுக்குப்பா. நவம்பர் பதினாலு. அவரும் நானும் பேசி வெச்சுட்டோம்."

"நடுவில் ஒட்டட்டுமா?"

"நடுவுல வேணாம்பா, எழுத இடம் வேணுமில்ல? இதோ, கீழ் ஓரத்துல ஒட்டுங்க. இன்னும் கீழ. ஆங், அங்கதான்."

என் மகள் என் வேலையில் இவ்வளவு அக்கறை காட்டுகிறாளே என்று பூரித்துப்போனேன். அதனால் சாதாரணமாகப் போடும் பசைக்கு மேல் இன்னொரு பூச்சும் போட்டு ஒட்டி, மேலே ஒரு அகராதியை வைத்து அழுத்தினேன். மறுநாள் தாங்கள் வந்தீர்கள். நிச்சயதார்த்தச் சீர்களான உலர்ந்த கணவாய், கடற்பாசி, வெள்ளை விசிறி எல்லாம் முறைப்படி வைத்துக் கைமாறின பிறகு தாங்கள் என்னை நேராகப் பார்த்து, "நாள் பாத்தாச்சா?" என்று கேட்டீர்கள். நான் டைரியைத் திறந்தேன். கீழ் ஓரத்தில் நாரைகள் இருந்தன. நாரைகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. "தெரியாது" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. முப்பத்தெட்டு வருஷம் தேதியோடு வாழ்ந்தவன் ஒரு தேதியைச் சரிபார்க்கவில்லை என்று தங்கள் முன் எப்படிச் சொல்வேன்? "பார்த்துவிட்டேன், பிரமாதமான நாள்" என்றேன். பிரமாதம் என்ற சொல்லை யாரும் கேட்கவில்லை, நானாகவே சேர்த்தேன். அப்போதுதான் தங்களுக்கு அந்த இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்க இருமினீர்கள். கிமியே தண்ணீர் எடுக்கப் போனவள் வெகுநேரம் திரும்பவில்லை. பொய் சொன்ன வீட்டில் விருந்தாளிக்கு மூச்சு முட்டியிருக்கிறது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை முடிதிருத்தப் போகும் நாளைக் குறிக்கலாம் என்று நவம்பரைத் திறந்தேன். புயல் ஈரத்தில் ஒரு நாரையின் வால் தூக்கிக்கொண்டிருந்தது. தூக்கிய வாலை அழுத்திவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அடியில் புதுப் பசை தடவலாம் என்று இடுக்கியால் மெல்லத் தூக்கினேன். வால் வந்தது, உடம்பு வந்தது, இரண்டாவது நாரையும் வந்தது, தாளும் வந்துவிட்டது. ஸ்டிக்கரைத் திருப்பினால் அதன் முதுகில் மெல்லிய தாள் ஒட்டிக்கொண்டிருந்தது, அதனூடே நாள்பலனின் இரண்டு சீன எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. குளியலறைக்கு எடுத்துப் போய்க் கண்ணாடி முன் பிடித்துப் படித்தேன். புத்சுமெத்சு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். அதேதான். நவம்பர் பதினாலாம் பக்கத்தின் கீழ் ஓரத்தில் இப்போது விரல் அகலத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. நான் அதைப் பார்க்கத் தைரியமில்லாமல் டைரியை மூடி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அச்சுப் பிழையாக இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. அதனால் ஊரிலுள்ள காலண்டர்களை எல்லாம் பார்க்கப் புறப்பட்டேன். மீனவர் சங்கத்துக் காலண்டர் புத்சுமெத்சு என்றது. தபால் நிலையத்தில் எனக்குத் தேவையில்லாத மூன்று உறைகளை வாங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன், அங்கேயும் அதே. கடைசியில் முடிதிருத்தும் இனோயே கடைக்குப் போனேன்.

"என்ன ஐயா, போன வாரந்தானே வெட்டிட்டுப் போனீங்க? எதை வெட்டறது நான்?"

"முடி இருக்கட்டும். நவம்பர் பதினாலு என்ன நாள் என்று கொஞ்சம் பாருங்கள்."

"ஐயையோ, புத்சுமெத்சு! ஏன், அன்னிக்கு யாராவது எதாவது வெச்சிருக்காங்களா?"

"தெரிந்தவர் ஒருவர் மகளுக்குக் கல்யாணம்."

"பொண்ணோட அப்பனுக்குக் கண்ணு தெரியாதா?" என்றான்.

"தெரியும். ஸ்டிக்கர் மறைத்துவிட்டது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இனோயே கத்தரிக்கோலைப் பிடித்தபடி வாசல்வரை வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சம்பந்தி, மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ஷிஹோ முப்பத்து நாலு வயதில் சிரிக்கக் கற்றுக்கொண்டவள். அதற்கு முன்னும் சிரித்திருக்கிறாள், ஆனால் தகுமாவைப் பற்றிப் பேசும்போது வரும் சிரிப்பு வேறு, அதை நான் முன்பு பார்த்ததில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்குள் ஒரு சின்னச் சண்டை வந்தாலும், ஒரு சுரம் வந்தாலும், தோட்டத்தில் ஒரு கிளை ஒடிந்தாலும், அன்றைக்கு அந்த மனிதர் நாள் பார்க்காமல் வைத்தார் என்றுதான் ஊர் சொல்லும். ஊர் சொல்லாவிட்டாலும் நான் சொல்லிக்கொள்வேன். ஆகவே தங்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். திருமணத்தைத் தள்ளிவைக்கத் தாங்கள் விரும்பினால், அறுபத்திரண்டு வீட்டுக்கும் நானே நேரில் போய்த் தலை குனிந்து சொல்கிறேன், அஞ்சலட்டை போடமாட்டேன். வரும் வியாழக்கிழமை ஒன்பது நாற்பது படகில் தங்கள் வீட்டுக்கு வந்து தங்கள் கூடத்தில் மன்னிப்புக் கேட்க அனுமதி தர வேண்டும். மூன்றாவது, இதற்காகச் சம்பந்தமே வேண்டாம் என்று தங்கள் மனம் கசந்துபோனால், அந்தக் கசப்பு என்னோடு நிற்கட்டும். ஷிஹோவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவள் பாவம், வெள்ளை மனத்தோடு ஒரு ஸ்டிக்கர் செய்துகொடுத்தாள், அதைப் போய் அந்த இடத்தில் ஒட்டியவன் நான்.

சாட்சியாக அந்த நாரைகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். கண்ணாடி முன் பிடித்துப் படிக்கவும்.

குளிர் மெல்ல இறங்கத் தொடங்குகிறது, கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்ளுங்கள். தங்கள் மறைந்த துணைவியார் சயோகோ அம்மையாரின் படத்துக்கு முன் எங்கள் இருவர் சார்பாகவும் ஒரு ஊதுவத்தி ஏற்றிவையுங்கள். அவர்களிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். தங்கள் ஆரஞ்சுகள் இனிப்பாகவே பழுக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
ஒகிமோட்டோ யசுஹெய்

பின்குறிப்பு: மேலே உள்ள ஒன்பது தாள்களையும் இனித் தாங்கள் படிக்க வேண்டிய அவசியமில்லை. அழிக்கவும் கிழிக்கவும் எனக்குப் பழக்கமில்லாததால், பதிவேட்டு வழக்கப்படி திருத்தத்தைக் கீழே எழுதுகிறேன்.

நான் கையெழுத்துப் போட்டு மை உலர வைத்துவிட்டுக் கைகழுவப் போன நேரத்தில் கிமியே எல்லாவற்றையும் படித்துவிட்டாள். திரும்பி வந்தபோது அவள் தங்களோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "இந்தாங்க, சம்பந்தி பேசறாரு" என்று என் காதில் வைத்தாள். பிறகு தாங்கள் சொன்னது தங்களுக்கே தெரியும், இருந்தாலும் பதிவுக்காக எழுதுகிறேன்.

"ஐயா, எனக்கு ஏப்ரல்லயே தெரியும். உங்க பொண்ணு தனியா படகு ஏறி என்னைப் பாக்க வந்தா. பதினாலாந்தேதி எங்க சயோகோ பொறந்த நாள். அவ போய் மூணு வருஷமா அன்னிக்கு நான் ஒத்தையா உக்காந்து கேக்கு வெட்டறேன்னு தகுமா சொல்லியிருக்கான். இந்த வருஷம் அறுபது பேரோட சாப்பிடுங்க மாமான்னா உங்க பொண்ணு. அன்னிக்குப் புத்சுமெத்சு ஆச்சேம்மா, உங்கப்பா ஒத்துக்குவாரான்னு கேட்டேன். அப்பாகிட்ட கேட்டா நாளை மாத்திடுவாரு, அதனால கேக்கப் போறதில்ல, அவர் கையாலேயே ஒட்ட வெச்சுடறேன், ஒட்டினதை எங்கப்பா உரிக்கவே மாட்டாருன்னா."

இதைச் சொல்லிவிட்டுத் தங்களுக்கு மறுபடியும் அதே இருமல் வந்தது. அது இருமல் அல்ல என்பதை நான் இப்போது புரிந்துகொண்டேன். இனி அதைப் பற்றி விசாரிக்கமாட்டேன்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன்? எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. கிமியேவுக்கு மே மாதமே தெரியுமாம், தண்ணீர் எடுக்கப் போனவள் சமையலறையில் கைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாளாம். வெள்ளை மனம் என்று என் மகளைப் பற்றி எட்டாம் தாளில் எழுதியதையும் திருத்திக்கொள்கிறேன். அந்த ஸ்டிக்கர் ஏன் அவ்வளவு அகலம் என்று இப்போதுதான் விளங்கியது. அடியிலிருக்கும் எழுத்தை அளவெடுத்து வெட்டியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மதிப்பெண் போட்ட ஆசிரியர் அவசரப்பட்டுவிட்டார். பிறகு, தாங்கள் தனியாக உட்கார்ந்து கேக் வெட்டுவதை நினைத்தேன். என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"இந்தக் கடிதத்தை என்ன செய்வது?" என்று கேட்டேன். "கிழிச்சிடாதீங்க, அனுப்புங்க. இந்த வீட்டுக்கு விளம்பரத் தாளைத் தவிர வேற எதுவும் வர்றதில்ல" என்றீர்கள். ஆகவே அனுப்புகிறேன். நாரைகளையும் தாங்கள் கேட்டபடி உறைக்குள் வைத்திருக்கிறேன். தங்கள் காலண்டரில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள், நடுவிலேயே ஒட்டலாம். வியாழக்கிழமை ஒன்பது நாற்பது படகில் வருவதில் மாற்றமில்லை. மன்னிப்புக்குப் பதிலாகத் தோஃபு கொண்டு வருகிறேன்.

கடைசியாக ஒன்று. கிமியே அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து டைரியை எடுத்துவந்து நவம்பர் பதினாலைத் திறந்து என் முன் வைத்தாள். "கீழ என்ன போட்டிருக்கு, படிங்க" என்றாள். ஓட்டைதானே இருக்கிறது என்றேன். "படிங்க" என்றாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். ஓட்டை வழியாக அடுத்த தாள், பதினைந்தாம் தேதி தெரிந்தது. அதே இடத்தில், எறும்பு அளவு எழுத்தில், தையான். எல்லாவற்றுக்கும் உகந்த நாள்.

அதன்மேல் எதையும் ஒட்டவில்லை, சம்பந்தி. பேனாவை எடுத்து, ஓட்டைக்குப் பக்கத்தில், "நாள் பார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒகிமோட்டோ